சுவரைப் பார்த்து மெஷினை எடுங்கள்: இம்பாக்ட் டிரில்லா, ரோட்டரி ஹாமரா, பேட்டரி டிரில்லா?

சென்னையில் எந்த டிரில் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டுச் சுவர் எதனால் ஆனது என்றுதான் நான் முதலில் கேட்பேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இருக்கும். ஓ.எம்.ஆர். பக்கம் எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் சிலவற்றுக்குச் சுவர் முழுக்கக் கான்கிரீட், சிலவற்றுக்கு ஏ.ஏ.சி. பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த எடை குறைந்த சிமெண்ட் கல். எந்தச் சுவர் என்று தெரியாவிட்டால் மறைவான மூலையில் சின்னதாக ஒரு துளை போட்டு, உதிரும் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் நறநறவென்று வந்து, பிட் (துளை போடும் முனை) உள்ளே போக மறுத்தால் கான்கிரீட். வெளிறிய தூள் மாவு போலக் கொட்டி, பிட் சுலபமாக இறங்கினால் ஏ.ஏ.சி. தூளில் பளபளவென்று உலோகச் சீவல் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே கம்பியோ பைப்போ இருக்கிறது.

செங்கல் சுவருக்கு இம்பாக்ட் டிரில் தாராளமாகப் போதும். 13 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்), 500 முதல் 650 வாட் மோட்டார் உள்ள வீட்டு ரகம் போதுமானது. உள்ளே இரண்டு பல்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி, நிமிடத்துக்கு 40,000-க்கும் மேல் குட்டிக் குட்டியாகத் தட்டும். ஒவ்வொரு தட்டிலும் வலு குறைவு. அதனால் கான்கிரீட்டில் நம் உடம்பைக் கொடுத்து அழுத்த வேண்டியிருக்கிறது. ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். ஏணியில் நின்று முழு எடையையும் போட்டு அழுத்தும்போது பிட் கம்பியில் மாட்டினால் மெஷின் மணிக்கட்டோடு சேர்ந்து திரும்பும்.

ரோட்டரி ஹாமரின் கதை வேறு. உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கிறது. நிமிடத்துக்கு 4,000, 5,000 அடிதான். ஆனால் இரண்டு கிலோ ரகத்தில் ஒவ்வொரு அடியும் 2 முதல் 3 ஜூல் வலு. நேராகப் பிடித்தால் போதும், மெஷினே வேலை பார்க்கும். பிட் மாட்டினால் வழுக்கிவிடும் சேஃப்டி கிளட்ச் இதில் உண்டு. சாதாரண இம்பாக்ட் டிரில் பெரும்பாலானவற்றில் கிடையாது. கான்கிரீட்டைப் பொறுத்தவரை என் ஓட்டு சந்தேகமில்லாமல் இதற்குத்தான்.

ஆனால் இதே மெஷினை ஏ.ஏ.சி.யில் ஹாமரோடு, அதாவது அடிக்கும் இயக்கத்தோடு ஓட்டினால், ஓட்டை அகன்று, திருகைப் பிடிக்கும் பிளக் நிற்காது. ஹாலோ பிளாக்கில் உள்பக்கம் பெயர்ந்துவிடும். இரண்டுக்கும் சுழற்சி மட்டும் போதும். மெட்ராஸ் டெரஸ் கூரை உள்ள வீட்டில் வசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேக்கு உத்திரங்களுக்கு மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்திக் கட்டிய கூரை அது. கீழிருந்து ஹாமரால் அடிக்காதீர்கள். கொக்கி மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால், உத்திரம் உளுத்துப்போகவில்லை என்று பார்த்துவிட்டு, ஹாமர் இல்லாமல் அதில் போடுங்கள்.

டைல்ஸ், மரம், இரும்பு மூன்றிலும் ரோட்டரி ஹாமர் பின்தங்குகிறது. அதன் எஸ்.டி.எஸ். பிடியில் (பிட்டைச் செருகி மாட்டும் வகை) பிட் லேசாக ஆடும், குறி தவறும். இங்கே பேட்டரி டிரில்தான் நல்லது. பாத்ரூம் டைலில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஹாமரை அணைத்துவிட்டு, மெதுவாக ஓட்ட வேண்டும். விட்ரிஃபைட் டைலுக்கு வைர பிட், கூடவே தண்ணீர். 230 வோல்ட் வயரோடு ஈரத்தில் நிற்பதைவிடப் பேட்டரி எவ்வளவோ மேல். இன்னொரு லாபம், அந்த அறைக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிட்டே துளை போடலாம். சுவிட்ச் போர்டிலிருந்து மேலேயும் பக்கவாட்டிலும் நேர்கோட்டில் வயர் ஓடும் என்பதால் அந்தக் கோட்டில் எந்த மெஷினையும் வைக்காதீர்கள். வயர் மெஷின்தான் என்றால் மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் மாட்டுங்கள்.

இரும்புக்கு ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட். சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் குறி அடித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வேகத்தைக் குறையுங்கள். தகட்டைக் கையால் பிடிக்கவே கூடாது, கிளாம்ப் வேண்டும். அப்புறம், நம்மில் பலர் பாதுகாப்பு என்று நினைத்துத் துணிக் கையுறை போடுகிறோம். சுழலும் பிட் அதன் நூலைப் பிடித்தால் விரலையும் இழுத்துவிடும். கையுறை வேண்டாம். தொளதொளச் சட்டை, துண்டு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எல்லா வேலைக்கும் கட்டாயம். கான்கிரீட் தூளில் சிலிகா இருப்பதால் கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 மாஸ்க் வேண்டும்.

செங்கல் வீட்டுக்கு ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியுமென்றால் இம்பாக்ட் டிரில் வாங்குங்கள். கான்கிரீட் வீட்டுக்காரர்கள் பேட்டரி டிரில் வாங்கிக்கொண்டு, கர்ட்டன் ராடு மாட்டும் அன்றைக்கு மட்டும் ரோட்டரி ஹாமரை நாள் வாடகைக்கு எடுக்கலாம். எடுக்கும்போது வயரின் தோல் எங்காவது கிழிந்திருக்கிறதா, டிரிகரை விட்டதும் மெஷின் நிற்கிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். சைடு ஹேண்டில் இல்லாத மெஷினைக் கொடுத்தால் வேறு கேளுங்கள்.