3 கிலோ ஏரோபேட்டிக் மாடலுக்கு எந்த இன்ஜின்? கொங்குக் காற்றில் வைத்து ஓர் அலசல்

ரிமோட்டில் பறக்கவிடும் மாடல் விமானம் ஒன்றுதான். இறக்கை ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், பறக்கும்போது எடை 3 கிலோ. லூப், ரோல், ஸ்டால் டர்ன், நைஃப் எட்ஜ் என்ற வான் சாகசங்கள் எல்லாம் சுத்தமாக வர வேண்டும். மூக்கில் மாட்ட நான்கு வழி உண்டு: 10 சிசி டூ ஸ்ட்ரோக் கிளோ (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடுவது), 15 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் கிளோ, 15 சிசி பெட்ரோல், 6 செல் லிப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரி) ஓடும் பிரஷ்லெஸ் மின் மோட்டார். நான்குமே இந்த எடையைத் தூக்கிவிடும். அதனால் பெட்டியில் அச்சடித்த குதிரைத்திறனை ஓரமாக வைத்துவிடலாம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பறக்கவிடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இங்குள்ள காற்றையும், இங்கே கிடைக்கிற எரிபொருளையும்தான்.

கோவை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரையில் 38 டிகிரி வெயில் அடிக்கும்போது, கடல்மட்டத்தில் 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட இங்குள்ள காற்றின் அடர்த்தி 12 சதவீதம் வரை குறைந்துவிடும். பிஸ்டன் இன்ஜின் உறிஞ்சும் காற்று குறைந்தால் திறனும் அதே அளவுக்கு இறங்கும். மின் மோட்டாருக்கு அந்த நட்டம் கிடையாது. புரொப்பல்லருக்குக் காற்றில் பிடிமானம் குறைவது மட்டும் எல்லோருக்கும் பொது. ஆனி, ஆடி வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று, செங்குத்தாக ஏறுகிற மாடலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும். சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைத் தொட்ட கணமே சக்தி வந்தால்தான் கோடு நேராக நிற்கும்.

டூ ஸ்ட்ரோக் கிளோவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விலை குறைவு, எடை குறைவு, பாகங்களும் குறைவு. ஆனால் நிமிடத்துக்கு 11,000 சுற்றைத் தாண்டிச் சின்ன புரொப்பைச் சுழற்றித்தான் அது தன் திறனைக் காட்டும். ஏறும்போது வேகம் விழும், இறங்கும்போது கட்டுக்கடங்காது. ஏரோபேட்டிக்ஸில் அழகு என்பதே ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே வேகம் பிடிப்பதுதான். அதற்கு இது வாகாக வராது.

ஃபோர் ஸ்ட்ரோக்கைப் பற்றி ஆசையோடு சொல்ல நிறைய இருக்கிறது. பெரிய புரொப்பை 9,000 சுற்று வாக்கில் நிதானமாகச் சுழற்றும். திராட்டிலைக் குறைத்தால் அந்தப் புரொப்பே பிரேக் போலப் பிடித்துக்கொள்ளும். 11,000 சுற்றில் ஓடும் டூ ஸ்ட்ரோக் நொடிக்கு 183 முறை வெடிக்கும். 9,000 சுற்றில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் 75 முறைதான். அந்தத் தணிந்த குரலுக்குப் பக்கத்துத் தோட்டத்து மாடுகூட மிரளாது. எஃப் 3 ஏ எனும் சர்வதேச மாடல் ஏரோபேட்டிக்ஸ் போட்டிகளில் பல ஆண்டுகள் இந்த வகைதான் கோலோச்சியது. எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் திருகைச் சரியாகப் பிடிப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. முழுத் திராட்டிலில் வைத்து, மூக்கை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தால் சுற்று லேசாக ஏற வேண்டும். இறங்கினால் கலவையில் எரிபொருள் குறைந்து வறண்டிருக்கிறது என்று அர்த்தம்; நீடிலை இரண்டு கிளிக் திறந்துவிட வேண்டும்.

இவ்வளவு இருந்தும் இங்கே இதைத் தடுப்பது எரிபொருள். கிளோ எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். 15 முதல் 20 சதவீதம் எண்ணெய், மீதி நைட்ரோமீத்தேன். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் காவு வாங்கியது. கெடுபிடி இருப்பது நியாயம்தான். கணபதியில் எனக்குப் புரொப் அடாப்டர் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை அண்ணன் இன்ஜினை மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இதுக்கு ஊத்தறது ஸ்பிரிட்டுங்களா? கேனை மட்டும் பட்டறைக்குள்ள கொண்டாந்துராதீங்க" என்றார். அவர் சொன்னது சரி. முறையாக உரிமம் உள்ளவரிடமிருந்து எரிபொருள் வர வழியில்லாதவர், எவ்வளவு பிடித்திருந்தாலும் கிளோ இன்ஜின் வாங்க வேண்டாம். விளையாட்டுக்குத்தானே என்று வீட்டில் கேனை ஒளித்து வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெட்ரோலுக்கு அந்தக் கவலை இல்லை. பங்கில் பிடித்து 2டி ஆயில் கலந்தால் போதும், செலவு சொற்பம். ஆனால் இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய தகட்டையும் பாழாக்கும். மழைக்காலம் முழுக்க டேங்கில் பெட்ரோலோடு கிடந்த ஒரு கார்புரேட்டரைத் திறந்து பார்த்தேன். விரலால் தொட்டால் குழைய வேண்டிய அந்தத் தகடு அப்பளம் போல விறைத்திருந்தது. பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு அணைத்தால் இது வராது. இக்னிஷன் பெட்டி, அதற்கென்று ஒரு பேட்டரி என்று எடை கூடுவதும், அதிர்வும்தான் 3 கிலோ மாடலில் உறுத்தும். பெரிய மாடலில் இவை உறைக்காது.

மின் மோட்டாருக்குக் கணக்கு எளிது. இந்த வகைப் பறப்புக்குக் கிலோவுக்கு 330 முதல் 440 வாட் என்று வைத்தால், 3 கிலோவுக்கு 1,000 முதல் 1,300 வாட். 6 செல்லில் முழுத் திராட்டிலுக்கு 55 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். சராசரி 30 ஆம்பியர். 5,000 மில்லி ஆம்பியர் ஹவர் லிப்போவில் 80 சதவீதம் மட்டும் செலவழித்தால் 8 நிமிடம் பறக்கலாம். சக்தி உடனே வரும், அதிர்வு இல்லை, டேங்க் காலியாகி ஈர்ப்பு மையம் நகர்வதும் இல்லை.

சிக்கல் சார்ஜில்தான். பீளமேடு விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் இரண்டையும் விட்டு விலகி, அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடமான டிஜிட்டல் ஸ்கையில் பச்சையாக இருக்கும் இடம் பார்த்துத் தோட்டங்காட்டுக்குப் போக வேண்டும். அங்கே மின்சாரம் கிணற்று மோட்டார் ரூமில்தான் இருக்கும். பாசனத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் நாம் கை வைக்கக் கூடாது. 12 வோல்ட் 60 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்றைக் கொண்டுபோனால், அதைப் பாதிக்குமேல் வடிக்காமல் மூன்று முறை சார்ஜ் ஏற்றலாம். வெயிலில் பூட்டிய காருக்குள் லிப்போவை வைக்கவே கூடாது. வேப்ப மர நிழல் போதும். வீடு திரும்பியதும் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள்.

3 கிலோ மாடலுக்கு, இந்த ஊரில், நான் மின் மோட்டாரையே வாங்கச் சொல்வேன். அத்தோடு இரண்டு லிப்போ. மாடல் 5 கிலோவைத் தாண்டினால் கணக்கு மாறும். லிப்போ விலை ஏறிக்கொண்டே போகும், தோட்டத்தில் அதற்குச் சார்ஜ் கட்டாது. அப்போது 30 சிசி பெட்ரோல் வாங்குங்கள், கூடவே ஒரு செட் டயஃப்ரமும்.