பெயர்ப்பலகை இல்லாத காரைக்குடி மிருதங்கப் பட்டறை

மிருதங்கம் வாசித்துக் குடும்பம் நடத்துகிறவனுக்கு நல்ல குருவுக்கு அடுத்தபடியாக வேண்டியது, மூட்டு, அதாவது மிருதங்கத்தின் வாயில் பூட்டும் தோல் தலை, போடத் தெரிந்த நல்ல கை. கச்சேரி, நாட்டிய அரங்கேற்றம், நகரத்தார் வீட்டு அறுபதாம் கல்யாணம், குன்றக்குடித் திருவிழா மேடை என்று 22 ஆண்டுகளாக வாசித்து வரும் நான், அந்தக் கையைத் தேடித் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் மிருதங்கத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் அலைந்திருக்கிறேன். மிருதங்க மேதை காரைக்குடி மணி (1945–2023) ரங்கு ஐயங்காரிடம் முதற்பாடம் கற்ற ஊரில், எனக்கு ஒரு வலந்தலை (வலக்கை வாசிக்கும் பக்கத்துத் தோல்) மாற்றித் தர ஆள் கிடைக்கவில்லையே என்ற குறை நெடுநாள் இருந்தது. செக்காலைப் பக்கத்துச் சந்து ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் தந்தையும் மகனும் நடத்தும் பட்டறை அதைத் தீர்த்துவைத்தது. இதுவரை அங்கே மூன்று மூட்டுகள் போட்டிருக்கிறேன்.

முதல் நாள் நான் மிருதங்கக் கட்டையை இறக்கி வைத்ததும் பெரியவர் விலை பேசவில்லை. "தம்பி, கச்சேரி என்னைக்கு? பாடுறவுக எத்தனை கட்டை?" என்றுதான் கேட்டார். பாடுபவரின் சுருதி உயரத்தையும் 'கட்டை' என்றுதான் சொல்வோம். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்களுக்கு நீளம் குறைந்த மிருதங்கமும், ஒரு கட்டையில் பாடுவோருக்கு நீளமானதும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் தோலின் கனத்தையும் வலந்தலை நடுவில் ஏற்றும் கறுப்புப் பூச்சான சாதத்தின் அளவையும் அந்தச் சுருதிக்கு ஏற்ப முதலிலேயே தீர்மானிப்பவர்கள் குறைவு.

சாதம் போடுவதை அருகில் அமர்ந்து பார்த்தேன். கிட்டான் கல்லை இடித்துச் சலித்த கறுப்புப் பொடியைச் சோற்றோடு பிசைந்து, கட்டைவிரலால் சிறிது சிறிதாக வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து, காயவிட்டு, மீண்டும் வைக்கிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு ஆள்காட்டி விரலால் ஒரு 'நம்' தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்கிறார். கேட்டது பிடிக்காமல், ஏறக்குறைய முடிந்துவிட்ட சாதத்தை ஒருமுறை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். தோலின் நடுவில் ஏறும் இந்தக் கனம்தான் மிருதங்கத்தின் மேல்சுரங்களை ஒழுங்குபடுத்திச் சுருதியோடு சேரவைக்கிறது என்பதை 1920-இலேயே சி.வி. ராமன் ஆராய்ந்து எழுதினார். பெரியவர் அதையே காதால் அளக்கிறார்.

இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறு ஊரில் அவசரமாகப் போட்டு வாங்கிய மூட்டுடன் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணக் கச்சேரிக்குப் போனேன். வளவு, அதாவது வீட்டு உள்முற்றம், நிறையச் சனம். தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கி, ஏழேழாக எண்ணும் மிஸ்ர நடைக்கு வந்தபோது சாதத்தின் ஓரம் பெயர்ந்து மடியில் விழுந்தது. வலந்தலை விளிம்பில் எழும் மீட்டு ஒலி செத்துவிட்டது. தொப்பியின், அதாவது இடந்தலையின், குமுக்கி என்ற வழுக்கு ஒலியை வைத்து ஒப்பேற்றி முடித்தேன். அடுத்த ஆண்டு அந்தக் குடும்பத்திலிருந்து அழைப்பு வரவில்லை. பத்திரிகையில் அச்சாவது வாசிப்பவன் பெயர் மட்டுமே; ஆனால் தோலைப் பதம் பார்த்து எருமைத்தோல் வாரை இழுத்துக் கட்டி விரல் காய்த்துப்போனவரின் உழைப்பில்தான் அந்தப் பெயர் நிற்கிறது. தாள வாத்தியம் தனித்து நின்றே அரங்கை நிறைக்கும் என்று வாழ்நாள் முழுவதும் காட்டிய மணி அவர்களின் தெளிந்த நாதத்துக்கும் இப்படி ஒரு கை துணை நின்றிருக்கும்.

இனிக் குறைகள். வலந்தலையில் காட்டும் அக்கறை தொப்பியில் இல்லை. எனக்குப் போட்ட இடந்தலைத் தோல் சற்றுத் தடிப்பு. ரவை அப்பிய பிறகும் குமுக்கி வழுக்கிக்கொண்டு எழவில்லை. சொல்லி மாற்றி வாங்க வேண்டியிருந்தது. கூலி கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது, நாள் தவறுதல். கார்த்திகை பிறந்ததும் வெளியூர் வேலைகள் குவிந்து, ஒரு வாரம் என்றது மூன்று வாரமாகிறது. மார்கழியில் ஒரு கச்சேரிக்கு நண்பரின் மிருதங்கத்தை இரவல் வாங்கிப் போனேன்.

வலந்தலை மூட்டுக்குக் கூலியோடு 2,200 ரூபாய் கொடுத்தேன். நான்கு மாதக் கச்சேரிகளுக்குப் பிறகும் வலந்தலையில் தட்டும் சாப்பு ஒலி தெளிவாக இருப்பதால் அது நியாயமான விலையே. சித்திரை வெயிலில் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும் என்பதால், எடுக்கப் போகிறவர்கள் காலையிலேயே போய், கல்லும் புள் என்ற மரத்துண்டும் வைத்துத் தட்டிச் சுருதி சேர்த்து, அரை மணி நேரமாவது அங்கேயே வாசித்துப் பார்த்து வாங்க வேண்டும். பெரியவர் அதை விரும்புகிறார், எதிரே அமர்ந்து தாளமும் போடுகிறார். மார்கழிக்கு வேண்டியவர்கள் தீபாவளிக்கு முன்பே கட்டையைக் கொடுத்துவிடுங்கள். என் ஐந்து கட்டை மிருதங்கத்தை ஆவணியிலேயே கொண்டுபோய்க் கொடுக்க இருக்கிறேன்.