தங்கம் பிடிக்கிற சென்ட்ரிஃபியூஜ் மெஷின் வாங்கப் போறீங்களா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

கொஞ்சம் பெரிய பதிவுதான், பொறுமையா படிங்க. தான்சானியா, கானா பக்கம் சின்ன அளவுல தங்கம் எடுக்கிற வேலையில பணம் போடலாமான்னு கேட்டு எனக்கே மாசத்துக்கு ரெண்டு மூணு போன் வருது, அதுல பாதி பேர் கையில நான் ஏமாந்த அதே மாதிரி பிரவுச்சர் இருக்கு, அதனாலதான் எழுதுறேன்.

நான் கேஜிஎஃப்ல பொறந்து வளர்ந்தவன். 2001 பிப்ரவரியில சுரங்கத்தை மூடினப்புறம் எங்க ஏரியா பசங்க எங்கெங்கயோ போன மாதிரி நானும் சுத்திச் சுத்தி கடைசியில தான்சானியால கெய்டா பக்கம் வந்து சேர்ந்தேன். இங்க சின்ன சுரங்கத்துக்கான லைசென்ஸ் உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும்தான், அதனால லைசென்ஸ் பார்ட்னர் பேர்ல, மெஷினும் டெக்னிகல் வேலையும் என் பொறுப்பு. பார்ட்னர் நல்ல மனுஷன். அவர் பசங்க பாதரசம் போட்டு தங்கத்தைப் பிடிச்சு, குடிசைக்குப் பக்கத்துலயே தகரத்துல வச்சு சுடுவாங்க, கொழந்தைங்க அங்கயே விளையாடிட்டு இருக்கும். அதை நிறுத்தணும்னுதான் இந்த மெஷினைத் தேடவே ஆரம்பிச்சேன்.

தெரியாதவங்களுக்காக மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன், ஏன்னா ஏமாத்துறதே இதுக்குள்ளதான் இருக்கு. தங்கத்தோட அடர்த்தி 19.3, குவார்ட்ஸ் கல்லுக்கு 2.65தான். வித்தியாசம் பெருசுதான், ஆனா மாவு மாதிரி பொடித் தங்கம் சும்மா ஓடுற தண்ணியில மண்ணோடவே அடிச்சிட்டுப் போயிடும். அதனால ஒரு பவுலை வேகமா சுத்த விட்டு எடையை பல மடங்கு ஆக்குறாங்க, கனடாவோட நெல்சன் (Knelson) மெஷின்ல சுமார் 60 ஜி, அதாவது பூமி ஈர்ப்பைப் போல 60 மடங்கு. பவுலுக்குள்ள வளையம் வளையமா பள்ளம் இருக்கும், தங்கம் அதுல போய் உக்காரும். ஆனா மண்ணும்தானே போய் அடைக்கும், கொஞ்ச நேரத்துலயே பள்ளமெல்லாம் கல்லு மாதிரி இறுகிடும். அது நடக்காம இருக்க வெளிப்பக்கத்துலேருந்து பொடிப்பொடி ஓட்டை வழியா சுத்தமான தண்ணியை உள்ள தள்ளிட்டே இருப்பாங்க. மண்ணு லூசா இருந்தாத்தான் தங்கம் உள்ள இறங்கி லேசான மண்ணை வெளிய தள்ளும். இந்தத் தண்ணிதான் மெஷினோட உயிர். பிரஷர் குறைஞ்சா இறுகிடும், கூடினா பொடித் தங்கத்தை அதுவே கழுவி வெளிய அனுப்பிடும்.

டார் எஸ் சலாம்ல ஒரு ஏஜென்ட், கனடா டிசைன்னு சொன்னாரு, 90 சதவீதத்துக்கு மேல ரெகவரி, அதாவது கல்லுல இருக்கிற தங்கத்துல அவ்வளவை மெஷின் பிடிச்சிடும், கேரண்டின்னு சொன்னாரு. எங்க கல்லு 40 கிலோ அனுப்பினோம், பத்து நாள்ல ரிப்போர்ட் வந்துச்சு, 92 சதவீதம். நேர்ல வாங்க ஓட்டிக் காட்டுறேன்னாரு, போனோம். உங்க சாம்பிள் டெஸ்ட்லயே தீர்ந்துடுச்சு, இது அதே மாதிரி கல்லுதான்னு அவர் யார்டுல இருந்த மண்ணைப் போட்டு ஓட்டினாரு. நிறுத்தி, பவுலைக் கழுவி, பள்ளத்துல சேர்ந்த கனமான மண்ணை (கான்சன்ட்ரேட்) தட்டுல போட்டு ஆட்டினா கருப்பு மண்ணு ஓரத்துல மஞ்சளா ஒரு கோடு. பார்ட்னர் கண்ணு கலங்கிட்டாரு. அன்னைக்கே அட்வான்ஸ், மொத்தம் 24,000 டாலர்.

மெஷின் வந்துச்சு, மூணு வாரத்துல 60 டன் ஓட்டினோம். கிடைச்சது 108 கிராம். கல்லு அந்தப் பக்கம் சுமாரா போயிருக்கும்னு நினைச்சுக்கிட்டோம். டெயிலிங்ஸ்ல, அதாவது மெஷின்லேருந்து வெளிய வர்ற கழிவு மண்ணுல, என்ன இருக்கப் போகுதுன்னு, சயனைடு தொட்டி வச்சு லீச் பண்றவர் (மண்ணுல இருக்கிற தங்கத்தைக் கரைச்சு எடுக்கிறவர்) ஒருத்தர் கேட்டப்போ சும்மா சொற்ப விலைக்குத் தள்ளிவிட்டோம். ஆனா அவர் மறுநாளே லாரியோட வந்து நின்னாரு, அடுத்த லோடுக்கும் இப்பவே அட்வான்ஸ் தரேன்னாரு. ஒண்ணுமில்லாத மண்ணுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்? அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. உள்ள போறதுலயும் வெளிய வர்றதுலயும் மணிக்கு ஒரு தடவை சாம்பிள் எடுத்து முவான்சா லேப்ல ஃபயர் அசே (உருக்கி எவ்வளவு தங்கம் இருக்குன்னு அளக்கிற டெஸ்ட்) போட்டேன். உள்ள போறது டன்னுக்கு 6.2 கிராம், வெளிய போறது 4.4. அதாவது மெஷின் பிடிச்சது 29 சதவீதம். 60 டன்ல 264 கிராம் தங்கத்தை நாங்களே லாரியில ஏத்தி அனுப்பியிருக்கோம்.

அப்புறம்தான் அந்த ரிப்போர்ட்டை ஒழுங்கா எடுத்துப் பார்த்தேன். நாங்க குடுத்தது 40 கிலோ, ரிப்போர்ட்ல டெஸ்ட் பண்ணினது 100 கிலோ. எங்க கல்லு டன்னுக்கு 6 கிராம், ரிப்போர்ட்ல 14 கிராம். யாரோட கல்லுக்கோ வந்த ரிப்போர்ட்டுல எங்க பேரைப் போட்டிருக்காங்க. முதல் பக்கத்துலயே இருந்துச்சு, 92ஐ மட்டும் பார்த்துட்டு மத்ததைப் பார்க்காம விட்டுட்டேன், அதை நினைச்சா இன்னும் தூக்கம் வரல.

பெரிய சுரங்கத்துல கல்லு அரைக்கிற மில்லைப் பார்த்துக்கிற எங்க ஊர் அண்ணன் ஒருத்தர்கிட்ட டெமோவைப் பத்தி சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஓட்டுறதுக்கு முன்னாடி பவுலைத் திறந்து உன் கண்ணு முன்னாடி கழுவினானாடா?" இல்ல. முந்தின ஓட்டத்துல வந்த தங்கம் அந்த வளையத்துலயே தங்கியிருக்கும், வேணும்னே போட்டும் வைக்கலாம், அதனால முதல்ல பவுலைக் கழுவி, தங்கமே இல்லாத வெறும் மணலை ஒரு தடவை ஓட்டி, அதுல ஒண்ணும் வரலன்னு பார்த்தப்புறம்தான் நம்ம கல்லைப் போடணுமாம். தட்டுல மின்னுறதைப் பார்க்காதே, டெயிலிங்ஸை அசே போடுன்னாரு. அவர் வந்து எங்க மெஷினைப் பிரிச்சாரு. ஓட்டையெல்லாம் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, பாதி ஓட்டை எங்க குளத்துத் தண்ணிச் சேத்துல அடைச்சுக் கிடக்கு. தண்ணிக்கு ஃபில்டர் வேணும்னு விக்கிறப்போ ஒரு வார்த்தை சொல்லல, பிரஷர் மீட்டர் கூட கிடையாது.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டா உங்க கல்லுதான் பிரச்சனைங்கிறாரு. இதுல பாதி உண்மை, அதுதான் எனக்கு இன்னும் எரியுது. எங்க கல்லுல பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) ஜாஸ்தி, தங்கத்துல ஒரு பங்கு அதுக்குள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கு, அதை எந்த சென்ட்ரிஃபியூஜும் தனியாப் பிரிச்சு எடுக்காது, இன்னும் நைசா அரைக்கணும் இல்லன்னா லீச் பண்ணணும். ஆனா அதைத் தெரிஞ்சுக்கத்தானே 40 கிலோ குடுத்தோம்? கனடால மெக்கில் யூனிவர்சிட்டி பேராசிரியர் லப்லான்ட் இதுக்குன்னே ஒரு டெஸ்ட் முறை வச்சிட்டுப் போயிருக்காரு, ஜிஆர்ஜி டெஸ்ட்னு பேரு (எடை வித்தியாசத்தை வச்சே பிரிச்சு எடுக்கக்கூடிய தங்கம் எவ்வளவுன்னு பார்க்கிறது). கல்லை மூணு கட்டமா நைசாக்கிக்கிட்டே போய் ஒவ்வொரு கட்டத்துலயும் சின்ன லேப் மெஷின்ல ஓட்டி, எந்த அரைப்புல எவ்வளவு தங்கம் விடுபடுதுன்னு பார்க்கிறது. அதைச் செஞ்சிருந்தா மெஷின் வாங்கலாமா வேண்டாமான்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். நீங்க வாங்குறதா இருந்தா விக்கிறவர் லேப்ல இல்லாம வேற லேப்ல இதைச் செய்யுங்க, சாம்பிள்ல பாதியை சீல் போட்டு உங்ககிட்டயே வச்சுக்கோங்க, பேலன்ஸ் பணத்தை உங்க சைட்டுல உங்க கல்லு ஓடி டெயிலிங்ஸ் ரிசல்ட் வந்தப்புறம்தான் தருவேன்னு எழுதி வாங்குங்க. ஒத்துக்கலன்னா கிளம்பிடுங்க.

இந்த மெஷின் வகையே மோசம்னு யாரும் நினைச்சுக்காதீங்க, அந்த அண்ணன் வேலை பார்க்கிற மில்லுல இதே முறையில வருஷக்கணக்கா நல்லா ஓடுது. எங்களுக்குப் பணம் இன்னும் திரும்பி வரல, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு. பார்ட்னரோட பசங்க போன வாரத்துலேருந்து திரும்பவும் பாதரசத்தை எடுத்துட்டாங்க, எந்த முகத்தை வச்சுக்கிட்டு வேண்டாம்னு சொல்வேன்.

அந்தப் பிரிச்ச பவுலோட போட்டோவும் ரிப்போர்ட்டும் என்கிட்ட இருக்கு. உங்களுக்கு வந்த ரிப்போர்ட்லயும் 14 கிராம், 92 சதவீதம்னு இருந்தா பணம் அனுப்பிடாதீங்க, எனக்கு மெசேஜ் போடுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துடலாம்.