போட்டிக் கவசத்துக்கு ஈவா ஃபோம்: எந்த ஷீட்டை வாங்கலாம், எங்கே காலை வாரும்

காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடும் காமிக் கான் விழா மேடைக்குக் கவசம் செய்யப்போகிற யாரும் முதலில் தேடுவது ஈவா ஃபோம் ஷீட்டைத்தான். எத்திலீன் வினைல் அசிட்டேட் என்பதன் சுருக்கம் ஈவா. லேசான செருப்புகளின் அடிப்பாகத்திலும், குழந்தைகள் விளையாடும் தரைப்பாயிலும் இருப்பது இதே சரக்கு. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதல் சென்னை காமிக் கான் நடந்தது. அதோடு, கதாபாத்திரமாக வேடமிட்டு வரும் காமிக் கான் காஸ்ப்ளே போட்டிக்கு வெளியூர் போக வேண்டிய கட்டாயம் நம் ஊர்க்காரர்களுக்கு இல்லாமல் போனது. பெங்களூரு, ஹைதராபாத் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கும் இந்த விமர்சனம் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கவசம், தலைக்கவசம், வாள், கோடரி எதுவானாலும் ஈவா ஃபோமை நம்பி வாங்கலாம். எடை குறைவு, வெட்ட எளிது, சூட்டில் வளையும், கீழே விழுந்தால் உடையாது. ஆனால் வெட்டி ஒட்டிய கையோடு பெயின்ட் அடித்துவிட்டால் அது புகைப்படத்துக்கு மட்டும்தான் தேறும். பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு உருவம் தெரியும், நிறம் தெரியும். நடுவர் பார்ப்பது ஒரு முழத் தூரத்தில். அவர் கண் நேராகத் தோள்பட்டை ஒட்டுக்கும் வெட்டிய ஓரத்துக்கும்தான் போகும். உங்கள் நேரத்தில் பாதியை அந்த இரண்டு இடங்களுக்கும் ஒதுக்குங்கள்.

கைவேலைக்கு மதிப்புக் கொடுப்பது இந்தக் கலையில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு மைர்ட்டில் டக்ளஸ் என்ற ரசிகை தானே செய்த உடையில்தான் வந்தார். உடன் வந்த ஃபாரஸ்ட் ஆக்கர்மனின் உடையும் மைர்ட்டிலின் கைவேலையே. அந்த மாநாட்டின் மாஸ்கரேட் என்னும் வேட உடைப் போட்டியில் இன்றைக்கும் மேடைத் தோற்றத்துக்குத் தனி மதிப்பீடு, கைவேலைக்குத் தனி மதிப்பீடு. கைவேலை நடுவர்கள் மேடைக்குப் பின்னால் உடையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். முழு உடையையும் காட்டலாம், நன்றாக வந்த ஒரு பாகத்தை மட்டும் காட்டினாலும் போதும். நீங்கள் சேரும் போட்டியின் விதிகள் வேறாக இருந்தாலும், நடுவரிடம் எந்தப் பாகத்தை முதலில் நீட்டுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

கடையில் எல்லோரும் கேட்பது தடிமன். கேட்க வேண்டியது அடர்த்தி. கன மீட்டருக்கு 100 கிலோ அளவில் இருக்கும் ஃபோம் ஓரத்தைக் கூர்மையாகக் காட்டும், விரல் பட்டால் குழியாது. ஒன்றோடொன்று கோத்துப் போடும் தரைப்பாயின் அடர்த்தி இதைவிடக் குறைவு. ஒரு பக்கம் சொரசொரப்பான அச்சும் இருக்கும். பழகிப்பார்க்க அது போதும், போட்டிக்கு வேண்டாம். ஷீட்டின் மூலையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் சில நொடியில் எழுந்துவிட்டால் நல்ல சரக்கு. அப்படியே கிடந்தால், கூட்டத்தில் ஒருவர் இடிக்கும்போதும் அந்தத் தழும்பு அப்படியே நிற்கும். வெட்டு முகத்தையும் பாருங்கள். துளைகள் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிதாக இருந்தால் பெயின்ட் அங்கே உறிஞ்சப்பட்டு ஓரம் சொரசொரப்பாகும். இந்த ஷீட்டுகள் பெரிய கட்டியிலிருந்து சீவி எடுக்கப்படுபவை. அதனால் கட்டியின் மேல்தோலாக இருந்த ஷீட்டுக்கு மட்டும் ஒரு பக்கம் வழுவழுவென்றிருக்கும். கிடைத்தால் மார்புக்கவசத்துக்கு அதை எடுத்து வையுங்கள். சென்னையில் தேடுகிறவர்கள் பெரியமேட்டில் செருப்பு, தோல் சாமான் மூலப்பொருள் விற்கும் கடைகளில் விசாரிக்கலாம். ஆன்லைனில் நகத்தால் அழுத்திப் பார்க்க வழியில்லை. முதல் தடவை ஒரே ஒரு ஷீட் வரவழைத்துப் பாருங்கள்.

மார்பு, தோள், வாளின் அலகு ஆகியவற்றுக்கு 10 மி.மீ. கை, கால், தலைக்கவசத்துக்கு 5 மி.மீ. மேலே ஒட்டும் வேலைப்பாடு, பட்டைகள், ஆணித்தலை அலங்காரத்துக்கு 2 மி.மீ. இதற்கு மேல் வேறு தடிமன் தேவைப்படாது.

அளவெடுப்பதில்தான் பலருக்கு முதல் ஷீட் வீணாகிறது. போட்டியில் உள்ளே போடப்போகும் அதே உடையை மாட்டிக்கொண்டு, உடம்பின் மேல் கிளிங் ஃபிலிம் சுற்றி, அதன் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டி, மார்க்கரால் கோடு போட்டு, வெட்டி எடுத்து விரித்தால் பேட்டர்ன் கிடைக்கும். இதை அப்படியே 10 மி.மீ. ஃபோமில் வரைந்து வெட்டினால் மார்பைச் சுற்றி மூடாது. வளைக்கும்போது ஃபோமின் உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும், நீளம் மாறாமல் நிற்பது நடுத்தடிமன் மட்டும்தான். அந்த நடுக்கோட்டின் சுற்றளவு உடம்பின் சுற்றளவைவிடத் தடிமனைப் போல 3.14 மடங்கு அதிகம். 10 மி.மீ. ஷீட்டுக்கு ஏறக்குறைய 31 மி.மீ., 5 மி.மீ. ஷீட்டுக்கு 16 மி.மீ. முழுச் சுற்றுக்கு இவ்வளவு கூட்ட வேண்டும். ஒரே ஒட்டில் மொத்தத்தையும் சேர்க்காமல் எல்லா ஒட்டுகளுக்கும் பிரித்துக் கொடுங்கள். மூச்சை நன்றாக இழுத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

வெட்டுவதற்கு ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர் பிளேடு போதும், ஆனால் மழுங்க விடக் கூடாது. ஃபோம் பிளேடின் கூர்மையை நாம் நினைப்பதைவிட வேகமாகத் தின்றுவிடும். இரண்டு மூன்று நீள வெட்டுக்கு ஒருமுறை சாணைக்கல்லில் தீட்டுங்கள், இல்லையென்றால் முனையை ஒடித்துவிடுங்கள். 10 மி.மீ. ஷீட்டை ஒரே மூச்சில் அறுக்காமல் பாதி ஆழத்துக்கு ஓர் இழுப்பு, மீதிக்கு இன்னோர் இழுப்பு. ரம்பம் போல முன்னும் பின்னும் ஆட்டினால் வெட்டு முகம் பல் பல்லாக வரும். அதைப் பின்னால் எந்தப் பூச்சாலும் முழுசாக மறைக்க முடியாது. செங்குத்தான மூலை வேண்டுமென்றால் இரண்டு துண்டின் ஓரத்தையும் 45 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். உப்புத்தாளால் கையில் தேய்த்தால் ஃபோம் பிய்ந்து பஞ்சாகும். டிரெமல் போன்ற சுழல் கருவியில் தேய்ப்பு உருளையை மாட்டி, அதிக வேகத்தில் லேசாகத் தொட்டு எடுத்தால்தான் மழமழப்பாகும். அந்தத் தூசி நுண்ணியது. முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

வெட்டியதும் ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதும் கருவி. ஒட்டுவதற்கு முன்னால் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முகத்திலும் தடவி ஒட்டும் கான்டாக்ட் பசை சூட்டில் இளகும், ஒட்டிய பின் சூடு காட்டினால் ஒட்டு வாய் பிளக்கும். அதோடு பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது. பசை காய்கிற அறையில் ஹீட் கன்னை எடுக்கவே கூடாது. கன்னை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். மேற்பரப்பு சட்டென்று லேசாக மினுங்கும். துளைகள் மூடிக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். கறுப்பு, கருஞ்சாம்பல் ஷீட்டில் இந்த மினுக்கம் தெளிவாகத் தெரியும். அந்தச் சூட்டிலேயே முழங்காலில், சோற்றுப் பானையில், பிவிசி பைப்பில் வைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்தால் வடிவம் நிற்கும். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் மேல்தோல் சுருங்கிக் கருகும், அந்தத் துண்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பசைக்கு நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஃபெவிகால் எஸ்ஆர் 998 நன்றாக உழைக்கிறது. ரெக்ஸின், மைக்கா ஒட்டும் அதே ரப்பர் பசை. இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவ வேண்டும். தடவியதும் பளபளவென்று ஈரமாக இருக்கும். பத்து, பதினைந்து நிமிடத்தில் அந்தப் பளபளப்பு மங்கும். விரல் முட்டியால் தொட்டால் பிசுக்கு தெரியும், ஆனால் பசை கையோடு வராது. சேர்க்க வேண்டிய நேரம் அதுதான். பசை ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு ஒட்டு நாள் கணக்கில் கொழகொழவென்று கிடக்கும். வெட்டு முகம் முதல் பூச்சை உறிஞ்சிக்கொண்டால் இரண்டாவது பூச்சு கொடுங்கள். ஒருமுறை தொட்டுவிட்டால் நகர்த்த முடியாது. அதனால் ஒட்டுக்குக் குறுக்கே 5 செ.மீ.க்கு ஒரு கோடு முன்கூட்டியே போட்டு, இரண்டு முனையையும் முதலில் சேர்த்து, பிறகு நடுவை நோக்கிக் கிள்ளிக்கொண்டு வாருங்கள். மழை நாளில் ஒட்டுவதைத் தள்ளிப்போடுவது நல்லது. கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அங்கே படியும். ஒட்டியதாகத் தெரியும், மேடையில் பிரியும். இந்த வாடைக்குத் துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் உதவாது, கரிம ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க் வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு எரியும் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஹாட் க்ளூ வேகமாக ஒட்டும் என்பதற்காக முழுக் கவசத்தையும் அதிலேயே ஒட்டுவது நம் வெயிலுக்குச் சரிவராது. வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகும். அதிலும் ஒட்டுக்கு வெளியே தடித்த கோடாகப் பிதுங்கி நிற்கும், நடுவர் கண்ணுக்குத் தப்பாது. ஃபெவிக்விக் கையில் இருக்கட்டும், அது அவசரத்துக்கு மட்டும். வளைகிற இடத்தில் அது கண்ணாடி போல விரிசல் விடும்.

ஒட்டிய பின் தெரியும் கீறல் இடைவெளியில் பெயின்டர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் சீலன்டை மெல்லிய கோடாக விட்டு, ஈர விரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுங்கள். சிலிக்கான் சீலன்ட் வேண்டாம், அதன் மேல் பெயின்ட் நிற்காது. முழுக் கவசத்திலும் ஒரு மாலை நேரம் பிடிக்கும் வேலை இது. கைவேலை மதிப்பீட்டில் இதைவிடச் சுலபமாகக் கிடைக்கும் மதிப்பெண் இல்லை.

பெயின்டுக்கு முன் அடிக்கும் பிரைமருக்கு வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து நான்கைந்து பூச்சு அடிப்பது மலிவான வழி. மார்புக்கவசம் போல வளையாத பாகத்துக்குச் சரி. முழங்கை, இடுப்பு போன்ற இடங்களில் போகப்போக வெடிப்பு விழும். வியர்வை பட்டால் ஊறி வெளுக்கும். வளையும் பாகங்களுக்கு பிளாஸ்டி டிப் போன்ற ரப்பர் பூச்சு மூன்று நான்கு முறை அடிப்பதே நம்பகமானது, செலவு கூடுதல்தான். அதன் மேல் அக்ரிலிக் பெயின்ட். இரும்பாகத் தெரிய வேண்டுமானால் கறுப்பு அடித்து, காய்ந்த பிரஷில் துளி வெள்ளி தொட்டு மேடுகளில் மட்டும் உரசி, பள்ளங்களில் நீர்த்த கறுப்பை ஓடவிட்டுத் துடையுங்கள். கடைசி வார்னிஷை மிச்சத் துண்டில் அடித்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். ரப்பர் பூச்சின் மேல் சில வார்னிஷ்கள் காயாமல் பிசுபிசுத்தே கிடக்கும்.

மற்ற சரக்கோடு ஒப்பிட்டால்: வோர்ப்லா போன்ற தெர்மோபிளாஸ்டிக் 90 டிகிரி செல்சியஸில் இளகும், சூட்டில் தன்னோடு தானே ஒட்டும், மிச்சத் துண்டுகளைப் பிசைந்து மறுபடி பயன்படுத்தலாம், கூர்மையான ஓரத்தில் ஃபோமை மிஞ்சும். ஆனால் இறக்குமதிச் சரக்கு, விலை பல மடங்கு. முழுக் கவசத்துக்கு வாங்காமல், நடுவருக்குக் காட்டப்போகும் ஒரு பாகத்தில் 2 மி.மீ. ஃபோமின் மேல் போர்த்தினால் பணத்துக்குப் பலன் தெரியும். முப்பரிமாண அச்சில் வரும் பிஎல்ஏ பிளாஸ்டிக் தலைக்கவசம் வடிவத்தில் அருமை, ஆனால் 60 டிகிரி பக்கத்தில் இளகத் தொடங்கும். மூடிய காரில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள்.

அரங்கத்தில் இந்த ஃபோமின் பெரிய குறை காற்று புகாததுதான். மூடிய துளைகள் கொண்ட பொருள், வியர்வை வெளியேற வழியே கிடையாது. அக்குளிலும் முதுகிலும் இடைவெளி விட்டு, பக்கவாட்டில் எலாஸ்டிக்கும் பக்கிளும் வைத்தால் உதவியாளர் நொடியில் கழற்றலாம். வெல்க்ரோவை ஃபோமில் வெறுமனே ஒட்டினால் நாலாவது இழுப்பில் பசையோடு பெயர்ந்து வரும். நைலான் பட்டையில் தைத்து, பட்டையின் முனையை இரண்டு ஃபோம் அடுக்குக்கு நடுவே புதைத்து ஒட்டுங்கள். படி ஏறுவது, உட்காருவது, கழிப்பறை மூன்றையும் முழு உடையில் வீட்டில் ஒத்திகை பார்த்துவிடுங்கள். வாளுக்குள் முதுகெலும்பாக பிவிசி பைப் வைத்தால் போதும், உலோகக் கம்பி வைத்தால் வாசல் சோதனையிலேயே நிறுத்திவிட வாய்ப்புண்டு.

பெரியவர் ஒருவரின் முழுக் கவசத்துக்கு, சேதாரம் சேர்த்து, 10 மி.மீ. ஒரு சதுர மீட்டர், 5 மி.மீ. ஒன்றரை, 2 மி.மீ. அரை. மேலே சொன்ன அடர்த்தியில் பசையும் பெயின்டும் சேராமல் மொத்தம் இரண்டு கிலோவுக்குள் அடங்கும், நாள் முழுக்கச் சுமக்கலாம். மூன்று தடிமனிலும் ஒரு துண்டு கூடுதலாக, அதே கட்டுச் சரக்கிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் போய்க் கேட்டால் பெயர் அதேதான் இருக்கும், அடர்த்தி மாறியிருக்கும், பழைய பாகத்தோடு சேர்த்து ஒட்டினால் அது தெரிந்துவிடும்.