மே மாதத் தூண்டில்: மணப்பாட்டுக் கரையா, தூத்துக்குடிப் படகா?

சென்னையிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வருகிறார், கடலில் தூண்டில் போட வேண்டுமாம். இந்த முறை யோசிக்காமல் மணப்பாட்டுக் கரை என்று சொல்லிவிட்டேன்.

போன வருஷம் படகுதான் பேசியிருந்தேன். தூத்துக்குடியில் ஒருவரிடம் மே மாதத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, ராடு, ரீல், லூர் (செயற்கை இரை) எல்லாம் புதிதாக வாங்கியாயிற்று. கிளம்புவதற்கு முந்தின இரவு போன் வருகிறது, "தடைக்காலம் அண்ணாச்சி, விசைப்படகு இறங்காது" என்று. பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. எனக்குத் தடைமேல் கோபமில்லை. மீன் முட்டையிடும் காலம், கடலுக்கு அந்த ஓய்வு வேண்டும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்பது வருஷா வருஷம் தெரிந்த கணக்கு (2017க்கு முன்னால் 45 நாள்), அதைப் பணம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக் கோடை விடுமுறை ஏறக்குறைய முழுக்க அந்த 61 நாளுக்குள்தான் விழுகிறது. ஊர் சுற்ற ஆள் வரும் மாதமும் படகு கட்டிக் கிடக்கும் மாதமும் ஒன்றாக இருக்கும்போது, வேறு எந்த வசதியைப் பேசி என்ன பயன்?

நாட்டுப்படகுக்குத் தடை இல்லையே என்பார்கள். சரி, இல்லைதான். ஆனால் அது மீன்பிடிக்கப் பதிவான படகு, சுற்றுலாவுக்கு ஆளேற்ற அல்ல. பிள்ளைகளோடு அதில் ஏற எனக்கு மனசு வராது. "தீவுப் பக்கம் கூட்டிப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் போடவே கூடாது.

மணப்பாட்டில் இந்தக் கவலை ஒன்றுமில்லை. திருச்செந்தூரிலிருந்து தெற்கே அரை மணி நேரம். திருச்சிலுவைக் கோவில் நிற்கும் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால், ஒரு பக்கம் அலை முரட்டுத்தனமாக அடித்தாலும் மறுபக்கம் பெரும்பாலும் தணிந்து கிடக்கும். விடியலுக்கு முன்னால் போய், சாளை மீனைப் பாதியாக வெட்டி முள்ளில் கோத்து, ஈயக்குண்டோடு வீசிவிட்டு தூண்டில் நரம்பை ஒரு விரலில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முதலில் லேசாக இரண்டு தட்டு, அப்புறம் ராடு அப்படியே வளையும். போன மாதம் எனக்கு வந்தது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பாறை மீன் குட்டி. முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டேன், வாலை ஒரு உதறு உதறிப் போய்விட்டது.

பெரிய சீலா, சூரை வேண்டுமென்றால் கரை போதாது, அதை மறைக்க மாட்டேன். படகில் நான் இரண்டே முறை போயிருக்கிறேன், இரண்டும் தடை முடிந்த பிறகு. அந்த அனுபவத்தை வைத்துப் படகே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆளேற்ற முறையான அனுமதியுள்ள படகு கிடைத்தால், ஜூன் 14 கழிந்து, மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றையும் விசாரித்துவிட்டுப் போங்கள்.

கரையில் நிற்பவர்களுக்கும் ஒரு விஷயம். அடியில் கிடக்கும் இரைக்கு உழுவை (திருக்கை இனத்தைச் சேர்ந்த, சுறா மாதிரி வாலுள்ள மீன்) மாட்டலாம். அதில் பெரிய இனம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. எந்த உழுவையானாலும் படம் எடுக்க மணலில் இழுத்துப் போடாதீர்கள், தண்ணீரிலேயே வைத்து நரம்பை வெட்டிவிடுங்கள்.