"ரேர் ஒயிட்" குட்டின்னு யாராச்சும் காட்டினா பணத்த வெளிய எடுக்காதீங்க (எச்சரிக்கைப் பதிவு)

நாய்க்குட்டி வாங்கப் போறவங்க தயவு செஞ்சு இத படிச்சிட்டு போங்க. ரெண்டு மாச சம்பளத்த ஒருத்தன் கையில கொடுத்து ஏமாந்து நிக்கிறேன். நேத்து சாயங்காலம் தான் குட்டியோட டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு, ராத்திரி பூரா தூக்கமில்ல, அதனால வார்த்தை அங்கங்க தடிச்சிருந்தா பொறுத்துக்கங்க. குட்டி எப்படி பார்த்து வாங்கணும்னு கடைசில முழுசா எழுதறேன்.

வீட்ல சின்னப் பொண்ணு, முட்டி வலியோட நடக்கற எங்கம்மா. மேல தாவி அம்மாவ கீழ தள்ளாத, பொண்ணுகூட ஒத்துப்போற நாயா வேணும்னு தான் ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன். பழைய சோபாலேர்ந்து நாய் பூனை வரைக்கும் எல்லாம் விக்கிற ஒரு ஆப் இருக்கும்ல, அந்த மாதிரி ஒண்ணுல தான் விளம்பரத்த பார்த்தேன். ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ரேர் ஒயிட், ஐஸ் ப்ளூ கண்ணு, சாந்தமான டெம்பரமென்ட், குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு ஏத்தது, வம்சாவளி பேப்பரோட கிடைக்கும்னு போட்டிருந்தான். மத்த குட்டி ஒரு மாச சம்பளம், இது மட்டும் ரெண்டு மாசம். ஏன்னு கேட்டதுக்கு "ஆயிரத்துல ஒண்ணு தான் சார் இப்படி வெள்ளையா பொறக்கும்"னான். ஆயிரத்துல ஒண்ணா நாலுல ஒண்ணான்னு பின்னாடி சொல்றேன்.

நேர்ல போனோம். குட்டிங்க எல்லாம் ஒரு அடைப்புக்குள்ள ஓடி விளையாடிட்டு இருந்துச்சு, இந்த வெள்ளை மட்டும் ஓரமா தூங்கிட்டு இருந்துச்சு. அவன் என்ன பண்ணான் தெரியுமா, சாப்பாடு வைக்கற ஸ்டீல் கிண்ணத்த எடுத்து, கரண்டியால இது தலைக்குப் பின்னாடி கொண்டு போய் டங்கு டங்குன்னு அடிச்சான். மத்த குட்டியெல்லாம் அலறிட்டு ஓடுச்சு. இது அசையல. காது கூட ஆடல. "பாத்தீங்களா சார், இதான் டெம்பரமென்ட்! பக்கத்துல வெடி வெடிச்சாலும் அசையாது, உங்க வீட்டுக்குன்னே பொறந்த குட்டி"ன்னு சொல்லி சிரிச்சான் பாருங்க, அந்த சிரிப்ப இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. அம்மா அங்கயே உருகிட்டாங்க. "எவ்ளோ அமைதியா இருக்குடா, இதையே எடுத்துக்கலாம்"னாங்க. அப்புறம் அவன் அத தட்டி எழுப்பி விட்டு "வா வா"ன்னு கூப்பிட்டான், எல்லாக் குட்டியும் ஓடி வந்துச்சு, இதுவும் கூடவே ஓடி வந்துச்சு. அப்புறம் என்ன சந்தேகம் வரும் சொல்லுங்க? ரெண்டு மாச சம்பளம், அங்கயே எண்ணி கொடுத்தேன். பேப்பர் கொடுத்தான், கூடவே பூச்சி மருந்துன்னு லேபிள் இல்லாத ஒரு சின்ன பாட்டில். அந்த பாட்டில் கதையும் இருக்கு.

வீட்டுக்கு வந்தப்புறம் பொண்ணு பஞ்சுன்னு பேர் வச்சு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. திரும்பல. காலிங் பெல்லுக்கு திரும்பல, மிக்ஸிக்கு திரும்பல, குக்கர் விசிலுக்கு திரும்பல. முகத்த பார்த்தா மட்டும் வாலாட்டிட்டு ஓடி வரும். அவனுக்கு போன் போட்டேன். "புது இடம் சார், பயந்திருக்கும், ஒரு வாரம் போகட்டும்." சரி. ஒரு வாரம் போச்சு. "காதுல அழுக்கு அடைச்சிருக்கும், ட்ராப்ஸ் விடுங்க." விட்டோம். "நீங்க கூப்பிடற டோன் சரியில்ல சார், நாய்க்கு அதிகாரமா கூப்பிடணும்." இதுக்கு மேல எப்படிங்க அதிகாரமா கூப்பிடறது, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து என்னாச்சுன்னு கேக்கற அளவுக்கு கத்திட்டேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் அது தூங்கிட்டு இருந்தப்ப பொண்ணு பின்னாடிலேர்ந்து போய் முதுகுல கை வச்சா, தூக்கிவாரிப்போட்டு எழுந்து கைய கடிச்சிருச்சு. பால் பல்லு தான், லேசா தான் பதிஞ்சுது, ஆனா பொண்ணு பயந்துட்டா. இத அவன்கிட்ட சொன்னா, நம்புங்க, அவன் பதில் இது: "குழந்தைய அடக்கி வைங்க சார்."

அன்னிக்கே குட்டிய கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு போனேன். அவர் கண்ணுல டார்ச் அடிச்சு பார்த்துட்டு, கண்ணுக்குள்ள இருக்கற கருப்புப் பாப்பா நடுவுல இல்ல, கீழ்ப்பக்கமா இழுத்துட்டு இருக்கு, கண்ணு உருண்டையே வழக்கத்த விட சின்னதா இருக்குன்னாரு. அவன் ஐஸ் ப்ளூ ஐஸ் ப்ளூன்னு பெருமையா வித்த கண்ணு! அப்புறம் நாய் பார்க்காதப்ப பின்னாடி கை தட்டினாரு, சாவிக்கொத்த கீழ போட்டாரு. ஒண்ணும் இல்ல. "பேயர் டெஸ்ட் எடுத்துருங்க"ன்னு எழுதிக் கொடுத்தாரு. தலையில மெல்லிசா எலக்ட்ரோட் வச்சு, காதுல க்ளிக் சத்தம் கொடுத்து, மூளைக்கு சிக்னல் போகுதான்னு கிராஃப்ல பார்க்கற டெஸ்ட். நேத்து ரிசல்ட். ரெண்டு காதும் நேர்கோடு. இந்த நாய் பொறந்து ஒரு சத்தம் ஒழுங்கா கேட்டிருக்காது.

இத அஞ்சாறு வாரக் குட்டியிலயே எடுத்துடலாமாம். அதாவது விக்கறதுக்கு முன்னாடியே. அவனுக்கு டெஸ்டே தேவையில்ல, அவன்கிட்ட தான் ஸ்டீல் கிண்ணம் இருக்கே.

மத்த குட்டிங்ககூட ஓடி வந்துச்சே எப்படின்னு டாக்டர்கிட்ட கேட்டேன். காது கேக்காத குட்டி கூடப்பிறந்ததுங்கள பார்த்துப் பார்த்தே எல்லாம் பண்ணும், அதுங்க எழுந்தா எழும், ஓடினா ஓடும், அதனால கூட்டத்துல கண்டுபிடிக்க முடியாது, தனியா பிரிச்சா தான் தெரியும்னாரு.

இப்ப அந்த "ரேர் ஒயிட்" ரகசியத்துக்கு வரேன், கவனமா படிங்க, இத தெரிஞ்சுக்க தான் எனக்கு ரெண்டு மாச சம்பளம் போச்சு. மெர்ல்னு ஒரு ஜீன் இருக்கு. ஒடம்பு பூரா பளிங்குக்கல்லு மாதிரி திட்டுத்திட்டா கலர் வருமே, அது இந்த ஜீன் பண்ற வேலை. எந்த இடத்துல வர்ற மாற்றம்னு 2006லயே கண்டுபிடிச்சிட்டாங்க. அப்பா அம்மால ஒருத்தர்கிட்டேர்ந்து மட்டும் வந்தா பெரும்பாலும் பிரச்சினை இல்ல, அழகா இருக்கும். ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தா கலர் கொடுக்கற செல்லு தோல்ல மட்டுமில்ல, உள்காதுலயும் குறைஞ்சு போயிடுது. அந்த செல்லு இல்லாட்டி காதுக்குள்ள சத்தத்த வாங்கற பகுதி குட்டி பொறந்த சில வாரத்துலயே செத்துடும். கண்ணும் சரியா வளராது. இதுக்குப் பேரு டபுள் மெர்ல். எல்லாத்துக்கும் காது போகும்னு இல்ல, 2009ல வந்த ஒரு ஆய்வுல ரெண்டு ஜீனும் இருந்த நாய்ங்கள்ல சுமார் நாலுல ஒண்ணுக்கு ஒரு காதாவது கேக்கல.

மெர்லோட மெர்ல சேர்த்தா சராசரியா நாலுல ஒரு குட்டி டபுள் மெர்ல், ரெண்டு சாதா மெர்ல், ஒண்ணு மெர்ல் இல்லாத குட்டி. மெர்லோட சாதா கலர் நாய சேர்த்தா பாதி மெர்ல், பாதி சாதா, டபுள் மெர்ல் ஒண்ணு கூட வராது. கணக்க பாருங்க, ரெண்டுலயும் நல்ல மெர்ல் குட்டி அதே பாதி தான்! மெர்லையும் மெர்லையும் சேர்க்கறதால அவனுக்கு கிடைக்கற ஒரே "லாபம்", கம்மி விலைக்குப் போற சாதாக் குட்டி ஒண்ணு காணாம போய் அந்த இடத்துல ஊனமான வெள்ளைக் குட்டி ஒண்ணு வருது, அத ரேர்னு சொல்லி டபுள் விலைக்கு விக்கிறான். ஆயிரத்துல ஒண்ணாம். இன நாய்ங்கள பதிவு பண்ற பிரிட்டன் கென்னல் கிளப்லல்லாம் மெர்ல் மெர்ல் சேர்த்த குட்டிய பதிவே பண்றதில்ல.

இதுல உச்சகட்டம் என்னன்னா, அவன் பெருமையா கொடுத்த பேப்பர்லயே எழுதியிருக்கு. அப்பா: ப்ளூ மெர்ல். அம்மா: ரெட் மெர்ல். ஆதாரத்த அவனே லேமினேட் பண்ணி கொடுத்திருக்கான். பேப்பர்னா தரச் சான்றிதழ்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது அப்பன் யாரு ஆத்தா யாருன்னு சொல்ற பதிவு மட்டும் தான். காது, கண்ணு, இடுப்பு எலும்பு பத்தி அதுல ஒரு வரி கிடையாது.

ரிசல்ட்ட போட்டோ எடுத்து அனுப்பினேன். "காது கேக்கும்னு நான் எழுதிக் கொடுத்தேனா சார்?" இதான் பதில். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, கொண்டு வந்து விட்டுட்டு வேற குட்டி எடுத்துக்கங்க"ன்னான். இந்தக் குட்டிய நீ என்ன பண்ணுவன்னு கேட்டேன். பதில் இல்ல. மறுபடி கேட்டேன். "அத நான் பாத்துக்கறேன்." ஒண்ணு வேற ஆள் தலையில கட்டுவான், இல்ல குட்டி போட வச்சு அடுத்த வியாபாரம் பண்ணுவான், இல்லாட்டி என்ன பண்ணுவான்னு நான் யோசிக்க விரும்பல. முடியாது, பணத்துல பாதியாவது கொடுன்னேன். பிளாக் பண்ணிட்டான். ரெண்டு மாச சம்பளம் வாங்கினவன், ஒரே அமுக்குல பிளாக்.

ஆப்காரங்களுக்கு எழுதினேன். "வணக்கம், நாங்கள் விளம்பரதாரரையும் வாடிக்கையாளரையும் இணைக்கும் தளம் மட்டுமே"ன்னு ஆரம்பிச்சு ஒரு மெயில், கீழ உங்க அனுபவத்துக்கு எத்தனை ஸ்டார்னு வேற கேட்டிருந்தாங்க.

அந்த பாட்டில மறந்துட்டேன். டாக்டர் அத பார்த்ததும் ஒரு சொட்டு கூட கொடுக்காதீங்கன்னுட்டாரு. ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், கோலி மாதிரி இனங்கள்ல நிறைய நாய்ங்களுக்கு எம்.டி.ஆர்.1னு ஒரு ஜீன் கோளாறு இருக்கு, பூச்சிக்குப் போடற ஐவர்மெக்டின் அளவு கூடினா மருந்து மூளைக்குள்ள ஏறி வலிப்பு, கோமா வரைக்கும் போகுமாம். என்ன மருந்துன்னே தெரியாத பாட்டில அந்த இனத்த விக்கிறவன் கொடுத்தனுப்பறான்னா என்ன சொல்றது.

டெம்பரமென்ட் பத்தியும் ரெண்டு வார்த்தை, ஏன்னா அதச் சொல்லித் தான் என்னை கவுத்தான். ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் ஓரமா படுத்துக் கிடக்கற சாந்த சொரூபியே இல்லீங்க. அமெரிக்காவுல ஆடு மாடு ஓட்டறதுக்குன்னு வளர்த்த நாய், நாள் பூரா ஓடணும், வேலை வேணும், இல்லாட்டி வீட்ல ஓடற குழந்தையோட குதிகால கவ்வி மேய்க்கப் பார்க்கும். கெட்ட புத்தி இல்ல அது, அந்த வேலைக்காகவே தலைமுறை தலைமுறையா பொறுக்கியெடுத்து வந்த குணம். முட்டி வலி அம்மா இருக்கற வீட்டுக்கு இத சிபாரிசு பண்ணவனுக்கு ஒண்ணு அந்த இனம் தெரியாது, இல்ல தெரிஞ்சே தள்ளி விட்டிருக்கான். அதுக்காக இனத்தோட பேர வச்சே குணத்த முடிவு பண்ணிடவும் முடியாது. 2022ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 18,000க்கு மேல நாய்ங்கள பத்தி ஓனர்ங்க கொடுத்த தகவல வச்சு பண்ணது, நாய்க்கு நாய் நடத்தைல இருக்கற வித்தியாசத்துல இனம் காரணமா வர்றது சுமார் 9 சதவீதம் தான்னு சொல்லுது. மீதி அந்தந்த நாயோட சொந்த ஜீனு, வளர்ப்பு, மூணாவது வாரத்துலேர்ந்து மூணு மாசம் வரைக்கும் என்னென்ன மனுஷங்கள, சத்தத்த, இடத்த பார்த்துச்சுங்கறது. அதனால "இந்த பிரீடு சாந்தம், கேரன்டி"ன்னு எவன் சொன்னாலும் அங்க பொய் ஆரம்பிச்சாச்சு. நல்ல பிரீடர் கேரன்டி கொடுக்க மாட்டான், உங்கள கேள்வி கேப்பான். வீட்ல யார் யார் இருக்கீங்க, பகல்ல எத்தன மணி நேரம் நாய் தனியா இருக்கும், வேணாம்னு தோணினா என்கிட்டயே திருப்பிக் கொடுப்பியான்னு கேப்பான். இவன் என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி கேஷா ஆன்லைனான்னு.

கமென்ட்ல "யாருக்காச்சும் கொடுத்துடுங்க"ன்னு போடப் போறவங்களுக்கு, கொடுக்கல. பஞ்சு எங்க கூட தான் இருக்கும். தூங்கறப்ப தொடாம படுக்கைய லேசா தட்டி எழுப்பணும், கை ஜாடைல பழக்கணும், கயிறு இல்லாம வெளிய விடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, பொண்ணு அதுக்குள்ள "உக்காரு" ஜாடை சொல்லிக் கொடுத்துட்டா. பஞ்சு மேல ஒரு கோவமும் இல்ல. அந்த ரெண்டு மாச சம்பளத்த தின்னவன் மேல தான்.

முழுசா டிப்ஸ் எழுதறேன்னேன், கை ஓஞ்சு போச்சு, அவசரத்துக்கு இத மட்டும் வச்சுக்கங்க. பெத்த தாய் நாய அதே இடத்துல குட்டிங்களோட பாருங்க, காட்டாட்டி கிளம்புங்க. அது குணம் எப்படின்னு பக்கத்துல உக்காந்து பாருங்க. எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டிய எடுக்காதீங்க. பிடிச்ச குட்டிய தனியா ஒரு ரூமுக்கு எடுத்துட்டு போய் அது பார்க்காதப்ப பின்னாடிலேர்ந்து சத்தம் கொடுத்து பாருங்க. அப்பா அம்மா ரெண்டும் மெர்ல்னா வாங்காதீங்க. பெரிய இனம்னா பெத்ததுங்களோட இடுப்பு எக்ஸ்ரே ரிப்போர்ட்ட கேளுங்க. ரேர் கலர், எக்ஸ்ட்ரா விலைன்னு சொன்னா ஓடிடுங்க. முழுப் பணத்தையும் அங்கயே கொடுக்காதீங்க, முதல்ல உங்க டாக்டர் பார்க்கட்டும்.

இன்னொண்ணு, இப்ப தான் என் மச்சான் அனுப்பினான். அதே ஆப்ல, வேற பேர்ல, அதே அடைப்பு, அதே ஸ்டீல் கிண்ணம் ஓரத்துல தெரியற போட்டோவோட புது விளம்பரம் வந்திருக்கு. இந்தத் தடவை "ஸ்னோ ஒயிட் ஜோடி, லிமிடெட்"டாம். யாராச்சும் பேசிட்டு இருந்தீங்கன்னா அட்வான்ஸ் போடாதீங்க, அப்பா அம்மாவோட கலர் என்னன்னு மட்டும் கேட்டு மெசேஜ் பண்ணிப் பாருங்க.