வீசிங்குக்கு மாத்திரையா, இன்ஹேலரா?

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மூட்டை பிரிக்கும்போது எழும் தூசியும் மார்கழிப் பனியும் சேர்ந்தால் போதும், இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுக்குள் விசில் சத்தம் தொடங்கிவிடும். பத்து வருடம் அதை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால் அடக்கினேன். கடந்த நான்கு வருடமாக பியூடசோனைடு இன்ஹேலர். இரண்டையும் அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தினசரிப் பாதுகாப்புக்கு இன்ஹேலர்தான்.

மாத்திரையின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். விலை குறைவு. விழுங்கத் தனிப் பயிற்சி தேவையில்லை. சில மணி நேரத்தில் நெஞ்சு இளகுவது தெரியும். இன்ஹேலரோ சில நூறு ரூபாய், உறிஞ்சும் முறையைக் கற்க வேண்டும், முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும். இந்த மூன்றிலும் மாத்திரைக்கே வெற்றி. எனக்குக் கணக்கை மாற்றியது நான்காவது விஷயம், அட்ரினல் சுரப்பி.

இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்ததுபோல் ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி அது. அதன் உள்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. மூச்சு முட்டும்போது நாம் அடிக்கும் சால்பூட்டமால் அதன் உறவுக்கார மருந்துதான். வெளிப்பகுதியில் சுரப்பது கார்டிசால். காய்ச்சல், அடி, அறுவை சிகிச்சை என உடம்புக்கு எந்த நெருக்கடி வந்தாலும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிப்பது இதுதான். வீக்கத்தைத் தணிப்பதும் இதன் வேலை. அந்தக் குணத்தை வைத்துத்தான் ஸ்டீராய்டு மருந்துகளே பிறந்தன. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு, கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனை ஊசியாகப் போட்டார். படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் நடந்தார். 1950இல் அவருக்கும் வேதியியலாளர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. என் மாத்திரையும் இன்ஹேலரும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். போய்ச் சேரும் இடமும் அளவும்தான் வேறு.

அந்த அளவைக் கொஞ்சம் பார்ப்போம். உடம்பு ஒரு நாளைக்குத் தானே சுரக்கும் கார்டிசாலுக்கு ஈடு, சுமார் 5 மி.கி. பிரெட்னிசோலோன். இழுப்பு வந்தால் நான் போட்டது 40 மி.கி. எட்டு நாள் கூலியை ஒரே காலையில் கொடுப்பது போல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி ரத்தத்தைப் பார்த்து, ‘ஏற்கெனவே நிறைய இருக்கிறதே’ என்று அட்ரினலுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். நாலைந்து நாள் என்றால் பெரும்பாலும் பாதகமில்லை, நிறுத்தியதும் சுரப்பி தன் வேலைக்குத் திரும்பிவிடும். மூன்று வாரத்தைத் தாண்டினாலோ, வருடத்தில் பல தடவை திரும்பத் திரும்பப் போட்டாலோ, கட்டளை வராமலே கிடந்து சுரப்பி சுருங்க ஆரம்பிக்கும்.

எனக்கு நடந்தது அதுதான். ஒரு வருடத்தில் ஆறு கோர்ஸ். பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். கடைசித் தடவை நானாகவே ஒன்றரை மாதம் இழுத்துவிட்டேன். முகம் உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை வைத்து, ராத்திரி பதினோரு மணிக்கு மறுபடி சோறு கேட்கும் பசி. ‘உடம்பு தேறிட்ட கண்ணு’ என்று அம்மா சந்தோஷப்பட்டார். அப்புறம் ஒரு நாள் மாத்திரையை அப்படியே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவனால் எழ முடியவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தால் கண் இருட்டியது, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. மருத்துவமனையில் ரத்த அழுத்தம் 90/60. காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசால் 2.6. பத்துக்கு மேல் இருக்க வேண்டிய நேரம் அது. சுரப்பி மறுபடி விழித்துக்கொள்ள எட்டு மாதம் ஆனது. அதுவரை குறைந்த அளவு ஸ்டீராய்டை வெளியிலிருந்து கொடுத்து, மாதாமாதம் துளித்துளியாகக் குறைத்தார்கள். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்கச் சொல்லி ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அட்டை இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

‘இன்ஹேலர் பழகிடும், அப்புறம் விடாது’ என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்டுத்தான் பத்து வருடம் அதன் பக்கமே போகாமல் இருந்தேன். அந்தப் பயத்தை வைக்க வேண்டிய இடம் மாத்திரை. என் இன்ஹேலரில் ஒரு நாள் அளவு 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மி.கி. மருந்து வேறு என்பதால் எடைக்கு எடை ஒப்பிட முடியாது, பியூடசோனைடு வீரியம் கூடியது. ஆனாலும் அது நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. தொண்டை வழியாக வயிற்றில் இறங்கும் பங்கில் பத்தில் ஒன்பது பாகத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைத்துவிடுகிறது. பிட்யூட்டரி கவனிக்கும் அளவுக்கு ரத்தத்தில் மிஞ்சுவது ரொம்பக் குறைவு.

பராமரிப்பு உண்டுதான். தினமும் காலை, இரவு. மெதுவாக உறிஞ்சி, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் குழாயோடு எடுத்தால் தொண்டையில் படிவது குறையும். வாரம் ஒரு முறை ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். முதல் இரண்டு மாதம் இதில் சோம்பல் பட்டு நாக்கில் வெள்ளை படிந்தது, குரல் கம்மியது. இப்போது பிரஷ் வைக்கும் டம்ளரிலேயே இன்ஹேலரும் நிற்கிறது. எடுத்துவிட்டுத்தான் பல் துலக்குகிறேன். கொப்பளிப்பது தானாக நடந்துவிடுகிறது.

இன்ஹேலரில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதிக அளவில் வருடக்கணக்கில் எடுத்தால் அதுவும் அட்ரினலை அடக்கக்கூடும். குழந்தைகளின் உயரம் ஒரு சென்டிமீட்டர் போல் குறையலாம் என்கிறார்கள். என் அனுபவம் இந்த 400 மைக்ரோகிராம் அளவோடு நிற்கிறது, வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையும் இல்லை. அதனால் பிள்ளைகள் விஷயத்தில் மருத்துவர் பேச்சுதான் கணக்கு.

மாத்திரைக்கு வேலையே இல்லை என்பதும் தவறு. மூச்சுத் திணறி ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத நிலையில் உயிரைக் காப்பதில் மாத்திரைக்கும் ஊசிக்கும் பெரிய பங்கு உண்டு. போன மார்கழியில் எனக்கும் ஐந்து நாள் தேவைப்பட்டது, கூச்சமில்லாமல் போட்டேன். நான்கு வருடத்தில் அது ஒரு தடவை. வாழ்நாளில் நாலைந்து கோர்ஸ் சேர்ந்தாலே எலும்புத் தேய்மானம், சர்க்கரை, கண்புரைக்கான ஆபத்து ஏறத் தொடங்கும் என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டியான ஜினா எச்சரிக்கிறது. நான் அதை ஒரே வருடத்தில் தாண்டியவன்.

ஒன்று மட்டும். நீங்களோ வீட்டில் யாராவதோ சில வாரங்களாக ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். எத்தனை நாளாக, எத்தனை மி.கி. என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.